க்ளவுட்டில் டேட்டாபேஸ் வைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்

திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுக்கும் சின்ன டீம் எங்களுடையது. டெலிவரி சலான், பீஸ் ரேட் கணக்கு, வாரச் சம்பளம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்ததை க்ளவுட்டுக்கு மாற்றும் வேலையை வெளியே ஒரு கன்சல்டன்சியிடம் கொடுத்தோம். விவகாரம் வக்கீல் நோட்டீஸில் இருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதே செட்டப்பை இன்னும் எத்தனை பேர் தலையில் கட்டியிருக்கிறார்களோ.

டாக்கரில் (சாஃப்ட்வேரைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி) போஸ்ட்கிரெஸ் 16 (டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்), தினசரி பேக்கப், தினசரி டிஸ்க் ஸ்நாப்ஷாட் (டிஸ்கின் அப்போதைய நிலையின் நகல்), பயர்வால் (வெளியார் நுழையாமல் தடுப்பது), 16 ஜிபி ராம். கோட்டேஷனில் இருந்தது இவ்வளவும். மாதாமாதம் இதற்கெல்லாம் தனித்தனியாக பில் வந்தது, நாங்களும் கட்டினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிஸ்க் நிரம்பி சர்வர் நின்றது. அவர்கள் ஆள் உள்ளே போய் கம்போஸ் டவுன் (கன்டெய்னர்களை நிறுத்தி அகற்றும் கட்டளை) கொடுத்து, இடம் காலி பண்ண, பயன்பாட்டில் இல்லாததை அழிக்கும் சிஸ்டம் ப்ரூன் கட்டளையை வால்யூம்களையும் (டாக்கர் டேட்டாவைச் சேமிக்கும் இடங்கள்) சேர்த்து ஓட்டி, மறுபடி கிளப்ப அப் கொடுத்தார். லாகின் பக்கம் வந்தது. யாராலும் உள்ளே போக முடியவில்லை, ஏனென்றால் டேட்டாபேஸில் ஒரு யூசர்கூட இல்லை. டேபிள்கள் எதுவுமே இல்லை. மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்ற கணக்கு முழுக்க அதில்தான் இருந்தது.

கேட்டால், "க்ளவுட் கம்பெனி பக்கம் ஏதோ பிரச்னை சார், டிக்கெட் போட்டிருக்கோம்" என்றார்கள். சுத்தப் பொய். க்ளவுட் கம்பெனிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நடந்தது இதுதான். போஸ்ட்கிரெஸ் 16 இமேஜ் (கன்டெய்னர் உருவாகும் மூல அச்சு) தன் டேட்டாவை வைப்பது /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/டேட்டா என்ற இடத்தில். இவர்கள் கம்போஸ் ஃபைலில் (கன்டெய்னர்களின் அமைப்பை எழுதிவைக்கும் ஃபைல்) வால்யூமை மாட்டியது அதற்கு ஒரு படி மேலே, கடைசி 'டேட்டா' இல்லாமல். அப்படி மாட்டினால் டாக்கர் எந்த எச்சரிக்கையும் தராது. இமேஜுக்குள்ளேயே அந்த டேட்டா ஃபோல்டருக்கு வால்யூம் அறிவிப்பு இருப்பதால், பெயரில்லாத வால்யூம் ஒன்றைத் தானாக உருவாக்கி அதில் எழுதத் தொடங்கிவிடும். ரீஸ்டார்ட் பண்ணினால் டேட்டா அப்படியே இருக்கும். அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டவுன் கொடுத்ததும் அந்த வால்யூம் அனாதையாகிவிட்டது, ப்ரூன் அதை அழித்துவிட்டது. எங்களுக்குக் காட்டிய பெயருள்ள வால்யூமைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு காலி ஃபோல்டர். முதல் நாளிலிருந்தே அது காலிதான்.

சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனோம். தேதி வாரியாக வரிசையாக ஃபைல்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 20 பைட். ஒன்றுமில்லாததை ஜிஜிப் பண்ணினால் (சுருக்கினால்) வரும் அளவு அது. சர்வர் உபுண்டு 22.04, அதோடு வரும் பிஜிடம்ப் (போஸ்ட்கிரெஸிலிருந்து டம்ப், அதாவது டேட்டா நகல் எடுக்கும் கருவி) 14ஆம் பதிப்பு. தன்னைவிடப் புதிய பதிப்பு சர்வரிலிருந்து டம்ப் எடுக்க அது மறுத்துவிடும். பிழைச் செய்தி எங்கோ போனது, பைப்புக்கு (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் இணைப்பு) அந்தப் பக்கம் ஜிஜிப் மட்டும் வெற்றிகரமாக முடிந்தது, கிரான் (வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டுவது) லாகில் தினமும் 'சக்சஸ்' என்று விழுந்தது. டம்ப்பைக் கன்டெய்னருக்குள்ளிருந்தே எடுத்திருந்தால் பதிப்பு தானாகப் பொருந்தியிருக்கும். ஸ்கிரிப்டின் தலையில் பைப்ஃபெயில் (பைப்பில் ஒரு கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைப்பது) என்று ஒரு வரி போட்டிருந்தால் முதல் ராத்திரியே தெரிந்திருக்கும். தெரியாமல் செய்ததைக்கூட மன்னிக்கலாம். தினசரி பேக்கப் என்று காசு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு தடவைகூட அதைத் திறந்து பார்க்காததை என்னவென்று சொல்வது?

ஸ்நாப்ஷாட்? க்ளவுட் அக்கவுண்ட் அவர்கள் பெயரில் இருந்தது. சண்டை போட்டு உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்நாப்ஷாட் ஒன்றுகூட இல்லை. மெஷினும் 16 ஜிபி இல்லை, 4 ஜிபி. இது அறியாமை அல்ல, ஏமாற்று.

பயர்வால் கதை இன்னும் மோசம். யூஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் பயர்வால்) ஸ்டேட்டஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார்கள், 22, 443 என்ற இரண்டு போர்ட்கள் (வெளியிலிருந்து இணையும் வாசல்கள்) மட்டும் திறந்திருப்பதாக. ஆனால் கம்போஸில் 5432:5432 என்று போஸ்ட்கிரெஸின் போர்ட்டை வெளியே விட்டால் டாக்கர் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் அடிப்படை பயர்வால் விதிப்பட்டியல்) நேரடியாகத் தன் விதியை எழுதிக்கொள்ளும், யூஎஃப்டபிள்யூ தடை அதற்குப் பொருந்தாது. அவர்கள் ஆபீஸிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று செக்யூரிட்டி க்ரூப்பிலும் (க்ளவுட் பக்கத்துப் பயர்வால்) உலகத்துக்கே திறந்து வைத்திருந்தார்கள். 2017 ஜனவரியில் இப்படித் திறந்துகிடந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்களை ஹேக்கர்கள் ஆயிரக்கணக்கில் அழித்துவிட்டு பிட்காயின் கேட்டது ஞாபகம் இருக்கலாம். எங்கள் சர்வர் அத்தனை மாதமும் அதே நிலையில் கிடந்திருக்கிறது.

பழைய கம்ப்யூட்டரில் இருந்த பேக்கப், யூனிட்காரர்கள் வாட்ஸப்பில் வைத்திருந்த பிடிஎஃப்கள், சலான் கார்பன் காப்பி எல்லாவற்றையும் வைத்துத் திரும்ப டைப் செய்தோம். கணக்கு முழுசாகக் கிடைக்காத இடத்தில் தையல்காரர்கள் சொன்ன எண்ணிக்கையையே ஏற்றுச் சம்பளம் போடச் சொன்னோம், வித்தியாசம் எங்கள் பொறுப்பு என்று.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுக்கிறீர்கள் என்றால் அக்கவுண்ட் உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். அவர்களுக்குத் தனி யூசர் போதும். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் நேற்றைய பேக்கப்பை வேறொரு மெஷினில், உங்கள் கண் முன்னால் ரெஸ்டோர் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் மொபைல் டேட்டாவிலிருந்து 5432 திறக்கிறதா என்று பாருங்கள், அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்றால் டாக்கர் இன்ஸ்பெக்ட் (கன்டெய்னரின் விவரம் காட்டும் கட்டளை) கொடுத்து மவுண்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். டேட்டா போகும் இடத்துக்கு நேரே 64 எழுத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தால் அது பெயரில்லாத வால்யூம். போஸ்ட்கிரெஸ் 18 இமேஜிலிருந்து அந்த இடமே மாறிவிட்டது, அதனால் பழைய கம்போஸ் ஃபைலை அப்படியே காப்பி அடித்தாலும் சிக்கல்தான். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் கன்டெய்னருக்குள்ளிருந்து ஒரு டம்ப் எடுத்து, உங்கள் லேப்டாப்பில் இறக்கி, அதைத் திறந்தும் பாருங்கள். அதுவரைக்கும் டவுன், ப்ரூன் எதையும் யாரையும் தொட விடாதீர்கள்.