பழைய திஸ்கி கோப்புகளைத் திறக்க: விம்மா, விஎஸ் கோடா?

ஒருங்குறி பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் திஸ்கி (TSCII): தமிழ் எழுத்துகளைப் பைட்டுகளாகப் பதிக்கும் பழைய முறை, அதாவது என்கோடிங். அவற்றை ஒழுங்குபடுத்த விம், விஎஸ் கோட் என்ற இரண்டு எடிட்டர்களையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு விம்மையே வைத்துக்கொண்டேன்.

புழங்குவதற்கு விஎஸ் கோட்தான் எளிது. என்கோடிங் பெயர் கீழ்ப்பட்டையிலேயே தெரியும், சொடுக்கி மாற்றலாம். விம்முக்குக் கட்டளைகள் தெரிந்திருக்க வேண்டும். சரி, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முக்கியம் வேறு: எடிட்டர் என்கோடிங்கைத் தப்பாக ஊகித்த பிறகு கோப்பைச் சேமித்தால் என்ன ஆகும்?

'தமிழ்' என்ற சொல் திஸ்கியில் 4 பைட், ஒருங்குறியைப் பதிக்கும் யுடிஎஃப்-8இல் 15 பைட். திஸ்கியில் 'த'வுக்கு உள்ள பைட், யுடிஎஃப்-8இல் ஓர் எழுத்தின் இடையில் வரலாமே தவிர முதலில் வரக்கூடாது. மற்ற மூன்றும் இந்த வரிசையில் அங்கே செல்லாதவையே. விஎஸ் கோட், அமைப்பை மாற்றாதவரை, இப்படிப்பட்ட கோப்பை யுடிஎஃப்-8 என்றே எடுத்துக்கொள்ளும். செல்லாத ஒவ்வொரு பைட்டுக்கும் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி போடும். அப்படியே சேமித்தால் கோப்பிலும் அந்தக் குறிதான் நான்கு முறை பதிவாகும், மொத்தம் 12 பைட். எது 'த', எது 'ம' என்ற தடயமே இருக்காது. அப்புறம் எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

விம் ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும்: கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற ஒருங்குறி அடையாளம் இருக்கிறதா, யுடிஎஃப்-8 பொருந்துகிறதா என்று போய், எதுவும் சரிவராவிட்டால் கடைசியில் லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான என்கோடிங்). அதில் 256 பைட்டுக்கும் இடம் உண்டு என்பதால் பிழையே வராது. திரையில் முக்கால் பின்னமும் சென்ட் குறியுமாக ஏதோ தெரியும். ஆனால் சேமித்தால் அதே 4 பைட் திரும்பக் கிடைக்கும். லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும், அதை வைத்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். இடையில் அந்தக் கோப்பில் ஒருங்குறித் தமிழில் ஒரு வரி சேர்த்துச் சேமிக்கப் போனால், மாற்ற முடியவில்லை என்று விம் மறுத்துவிடும். இந்தப் பிடிவாதம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

விஎஸ் கோடிலும் தானாக ஊகிக்கும் வசதி உண்டு, நாம்தான் இயக்க வேண்டும். அது எழுத்துகள் வரும் அடர்த்தியை வைத்துக் கணிக்கிறது. அதற்குத் தெரிந்த என்கோடிங்குகளில் திஸ்கி இல்லை. குறிப்பிட்ட கோப்புறைக்கு மட்டும் லத்தீன்-1 என்று அமைத்தால் பைட்டுகள் தப்பிக்கும், அதை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும்.

ஈமேக்ஸ் என்ற இன்னோர் எடிட்டரும் செல்லாத பைட்டுகளை எண்ணாகக் காட்டி அப்படியே காப்பாற்றுகிறது. அதில் எனக்கு நாள்பட்ட பழக்கம் இல்லாததால் பரிந்துரைக்கத் தயங்குகிறேன்.

புதிதாக ஒருங்குறியில் எழுதுவதற்கு நானும் விஎஸ் கோடைத்தான் திறக்கிறேன். அங்கே ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை.