சுவரா, மேற்கூரையா, தரையா: கண்ணை ஏய்க்கும் ஓவியம் எங்கே எடுபடும்?

ஹால் சுவரில் நிஜம்போல் வரைந்த திறந்த ஜன்னல், அதற்கப்பால் கடல். நாகர்கோவிலில் வீடு கட்டுகிறவர் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். சீக்கிரம் குட்டு உடைவதும் இதற்குத்தான். நிஜ ஜன்னல் முன் ஒரு மீட்டர் நகர்ந்தால் வெளிக்காட்சியே மாறிவிடும். வரைந்த கடல் அசையாது.

அதைவிட 10 செ.மீ. ஆழமுள்ள மாடக்குழி வரைவது மேல். 3 மீட்டர் தள்ளி நிற்பவர் ஒரு மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், நிஜ மாடத்தின் பின்சுவர் விளிம்பிலிருந்து சுமார் 3 செ.மீ.தான் விலகித் தெரியும். அது இல்லாததைக் கண் கண்டுகொள்வதில்லை. அறையின் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தால் மாடத்தின் இட உட்பக்கம் இருட்டாகவும், வல உட்பக்கம் வெளிச்சமாகவும் இருக்க வேண்டும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், கரி அப்பியதுபோல் ஆகும். சுவருக்கு அடித்த அதே எமல்ஷனில் அம்பர் ஸ்டெயினரும் (பெயிண்டில் கலக்கும் பழுப்பு நிறமி) துளி நீலமும் போதும். மேட் பூச்சுதான், பளபளப்பு இருந்தால் டியூப்லைட் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஓதம் ஏறி உப்பு பூக்கும் அடிச்சுவரில் எதையும் வரையாதீர்கள். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் விடுங்கள். எனாமல் பெயிண்டில் வரைந்தால் சிமெண்டின் காரம் அதன் எண்ணெயைச் சோப்பாக்கி உரித்துவிடும்.

மேற்கூரை வீட்டுக்கு ஆகாது. ரோமின் சான்ட் இக்னாசியோ தேவாலயத்தில் ஓவியர் ஆந்த்ரேயா போட்சோ 1685-இல் தட்டையான துணியில் வரைந்த குவிமாடத்துக்கே, எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தரையில் குறி பதித்திருக்கிறார்கள். பத்தடிக் கூரையில் அந்தத் தூரம் எங்கே கிடைக்கும்?

செல்ஃபிக்கு வருகிறவர்களை நம்பியிருக்கும் கன்னியாகுமரி லாட்ஜுக்கோ, திருவிழாப் பந்தலுக்கோ தரைதான் சரி. போன் கேமரா ஒற்றைக்கண். இரு கண்ணால் பார்ப்பவருக்குத் தட்டையாகத் தெரிவது படத்தில் எழுந்து நிற்கும்.

கணக்கு இதுதான். பார்ப்பவரின் கண்மட்டம் 150 செ.மீ. வரையும் பொருளின் அடி அவர் காலிலிருந்து 200 செ.மீ. தூரத்தில். 50 செ.மீ. உயரமாகத் தோன்ற, நுனி 200×150÷(150−50) = 300 செ.மீ.யில் விழும், அங்கே அகலம் ஒன்றரை மடங்கு. ஒரு மீட்டர் உயரம் கேட்டால் நுனி 600-க்கு ஓடும், அகலம் மும்மடங்கு. அரை மீட்டரோடு நிறுத்துவது புத்திசாலித்தனம். கணக்கு பிடிக்காதவர்கள் முழு அளவுப் படத்தைக் கட்டம் போட்ட அட்டையில் வரைந்து 200-இல் நிமிர்த்தி வைக்கலாம். பார்ப்பவர் நிற்கும் இடத்தில் ஊன்றிய கம்பில் 150 உயரத்தில் கட்டிய நூலை ஒவ்வொரு புள்ளி வழியாகவும் இழுத்து, தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸ் குறி போட்டால் ஆயிற்று.

பலர் பயப்படுவது பார்ப்பவரின் உயரத்துக்கு. அது பெரிய சிக்கலில்லை: 120 செ.மீ. கண்மட்டமுள்ள குழந்தைக்கும் பொருள் நிமிர்ந்தே நிற்கும், 40 செ.மீ.யாகக் குட்டையாகும், அவ்வளவுதான். பக்கவாட்டில் 30 செ.மீ. நகர்ந்தால்தான் வினை, நுனி 10 செ.மீ. சாயும். ஆகவே நிற்க வேண்டிய இடத்தில் காலடித் தடத்தைக் கட்டாயம் வரையுங்கள்.

பத்மநாபபுரம் அரண்மனைத் தரைபோல் மினுங்கும் டைல்ஸில் இது எடுபடாது. கோட்டாறு சவேரியார் திருவிழாவின் நிறைவு நாளான டிசம்பர் 3-ஐ ஒட்டித் திறந்தவெளியில் வரைவதும் வீண், வடகிழக்கு மழை கழுவிவிடும். பிளைவுட் பலகைகளில் வரைந்து பந்தலுக்குள் விரிக்கலாம். இணைப்புக் கோடு பொருளின் விளிம்போடு ஒட்டி ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.