செட்டிநாட்டு வீட்டைப் புதுப்பிக்க அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

"பழமை மாறாமல் புதுப்பித்துத் தருவோம், வெயிலே தெரியாது, கரண்ட் பில் பாதியாகிவிடும்" என்று சொல்லிக்கொண்டு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது நிறைய பேர் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு கான்ட்ராக்டரிடம் எங்கள் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து போட்ட பணம் போய்விட்டது, அதைவிட வீட்டுக்கே கேடு வந்துவிட்டது. பெயரைப் போடவில்லை. என்னென்ன செய்தார் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையைத்தான் வேறு ஊர்களிலும் செய்கிறார்கள்.

எஸ்டிமேட்டில் "பாரம்பரிய சுண்ணாம்புப் பூச்சு" என்று எழுதி, சதுர அடிக்கு சிமென்ட் பூச்சைப் போலப் பல மடங்கு ரேட் போட்டிருந்தார். சுவரின் அடியில் கொஞ்ச உயரத்துக்கு மட்டும்தான் உப்பு பூத்திருந்தது. அதைக் காரணம் சொல்லி, மேலே கண்ணாடி மாதிரி நன்றாக இருந்த பழைய காரையையும் சேர்த்துக் கொத்தி எடுத்துவிட்டார்கள். பூசிய மறுநாள் வீட்டைப் பார்க்க வந்த பெரிய கொத்தனார் ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு ஒரே ராத்திரியில் இப்படி இறுகாது தம்பி" என்றார். பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் தேடினால் வெள்ளை சிமென்ட் மூட்டைகள்.

இது வெறும் பண ஏமாற்று இல்லை. சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும், வாரக்கணக்கில் ஆகும், அதுவரை நனைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இறுகிய பிறகும் ஈரத்தை உள்ளே வாங்கி வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமென்டும் பெயின்ட்டும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற முடியாமல் சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும், உப்பு உள்ளே படிகமாகிப் பூச்சைத் தள்ளும். ஐப்பசி மழை முடிவதற்குள் எங்கள் பட்டாலைச் (கூடத்துச்) சுவர் இடுப்பு உயரத்துக்குப் பொரிந்து உதிர்ந்துவிட்டது.

அடுத்தது முற்றம். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடினால் தூசி வராது, ஏசிக் குளிர் வெளியே போகாது என்றார் கான்ட்ராக்டர். அந்தக் கனமான சுவர்கள் பகல் முழுக்க வெயிலை வாங்கி, ராத்திரிதான் மெல்ல உள்ளே விடும். அந்தச் சூடு முற்றத்து வழியாக மேலே போய், குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஏசி இல்லாத காலத்தில் இந்த ஊர் வெயிலில் எங்கள் ஆச்சிமார்கள் இருந்தது அப்படித்தான். ஷீட் வெயிலை உள்ளே விட்டது, சூட்டை வெளியே விடவில்லை. முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் மத்தியானம் நிற்கவே முடியவில்லை, கரண்ட் பில் முன்பைவிட ஏறியது.

மாடி மட்டப்பா பழைய மெட்ராஸ் டெரஸ்: தேக்குக் கட்டைகள், அதன் மேல் சுண்ணாம்பில் குத்தி வைத்த செங்கல், செங்கல் ஜல்லிக் காரை, தட்டோடு. ஈரம் காயாமலேயே அதன் மேல் ரப்பர் மாதிரி ஒரு கோட்டிங் அடித்தார்கள். அப்புறம் கீழே ஃபால்ஸ் சீலிங். ஒழுகிய தண்ணீர் பர்மா தேக்குக் கட்டையின் முனைகளில் இறங்கி, சுவருக்குள் இருக்கும் பகுதி மட்கிப்போனது வெளியே தெரியவே இல்லை, சீலிங்கைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. கழற்றிய பழைய கதவுகளையும் தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கற்களையும் "வேஸ்ட்" என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போயும்விட்டார், அவை என்ன விலைக்குப் போகும் என்று காரைக்குடியில் பழம்பொருள் வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

உங்களிடம் யாராவது சுண்ணாம்பு வேலை என்று சொன்னால், சுண்ணாம்பை எங்கே ஊற வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு நேரில் போய்ப் பாருங்கள். தொட்டியும் இல்லை, சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காய்த் தண்ணீர் ஊறவும் இல்லை, நாளைக்கே பூச்சு ஆரம்பம் என்றால் அனுப்பிவிடுங்கள். ஒரு சின்னச் சுவரில் பூசச் சொல்லி ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள். கழற்றும் மரம், கல், கதவு எல்லாம் வீட்டுக்காரருக்கே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சூடு குறைய வேண்டுமானால் முதலில் மாடி: உடைந்த தட்டோட்டைச் சரிசெய்து, வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே பெரிய வித்தியாசம் தெரிகிறது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி என்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை ஃபேன் 30 வாட் அளவில் ஓடும்.

ஷீட்டைக் கழற்றிவிட்டோம். சிமென்டைக் கொத்தி எடுக்கும்போது செங்கல்லும் சேர்ந்து பெயர்ந்து வருகிறது, அதனால் கொத்தனார் கை உளியால் மெதுவாகத்தான் எடுக்கிறார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். பிரச்சினை வந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். பில், வாட்ஸ்அப் பேச்சு, வேலைக்கு முந்தைய போட்டோ எல்லாம் கேட்கிறார்கள், அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் சுவர் சுவராகப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.