சரைகேலா சௌ நடன விழா: குமரியிலிருந்து செல்வோருக்கான மதிப்புரை

ஜார்க்கண்ட் மாநிலத்தின் சரைகேலாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் நடைபெறும் சைத்ர பர்வ விழாவை, அடிமுறை என்னும் போர்க்கலையும் களியல் என்னும் கோலாட்டமும் பார்த்து வளர்ந்த நம் மாவட்டத்தினர் ஒருமுறையேனும் நேரில் காண வேண்டும். போர்ப்பயிற்சி, செவ்வியல் ஆட்டம், நாட்டார் ஆட்டம் மூன்றும் பிரிக்கவியலாதபடி இணைந்திருக்கும் சௌ நடனம், 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

வாளும் கேடயமும் ஏந்திச் செய்யும் பரிகண்டா பயிற்சியே இதன் அடித்தளம். நம் அடிமுறை ஆசான்கள் கற்பிக்கும் சுவடுகள் என்னும் காலடி முறைகளை அறிந்தவர்களுக்கு அந்தக் கால்வைப்புகள் அந்நியமாகத் தோன்றா. திருவட்டாறு கோயில் விழாவில் கதகளி பார்த்தவர்கள் கண்ணசைவையும் முகபாவத்தையும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் இங்கு முகம் முழுவதையும் முகமூடி மறைத்துவிடுவதால், கழுத்தின் சாய்வும் முதுகின் வளைவும் பாதத்தின் நடுக்கமுமே துயரத்தையும் சினத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அவர்கள் சொல்லும் விதம் என்னை உண்மையிலேயே நெகிழ்த்தியது. முகமூடிக்குள் மூச்சுவிடுவது கடினம் என்பதால் ஒவ்வோர் ஆட்டமும் சில நிமிடங்களே நீள்கிறது.

நாகர்கோவிலிலிருந்து எங்களை அழைத்துச் சென்ற பயண ஏற்பாட்டாளர், நள்ளிரவைத் தாண்டும் நிகழ்ச்சிக்கு மறுநாள் அதிகாலை ரயிலில் முன்பதிவு செய்திருந்தது பெருங்குறை. டாட்டாநகர் ரயில் நிலையத்தில் இறங்கிச் சாலைவழியே செல்வது எளிது; திரும்பும் பயணத்தை மட்டும் ஒரு நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முகமூடி இல்லாமல் ஆடும் மயூர்பஞ்ச் பாணிச் சௌ நடனத்தை விரும்புவோர் ஒடிசாவின் பாரிபதாவுக்குச் செல்லலாம்.