500 டைரக்டரியில் பதிவு செய்து தருகிறோம் என்று யாராவது கூப்பிட்டால்

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கல் கொத்துவது, பெல்ட் மாற்றுவது, மோட்டாருக்குக் காயில் கட்டுவது, மெஸ்களுக்கு டில்டிங் கிரைண்டர் பார்த்துக் கொடுப்பது, இதுதான் தொழில். 17,700 ரூபாய் ஏமாந்தது கூட மனசுக்கு ஆறிவிட்டது. ஆனால் நாலு மாதம் என் கடைக்கு வரவேண்டிய போன் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்ததே, அது ஆறவில்லை. என்னைப் போல சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் முழுவதையும் எழுதுகிறேன்.

2023 ஜூலையில் அக்கா மகள் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தாள். சிம்பிளான நாலு பக்கம். அது வந்து இரண்டு வாரத்தில் ஒரு போன். நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார் அந்தத் தம்பி. "சைட் நல்லா இருக்குங்கண்ணா, ஆனா யாருக்கும் தெரியாதுங்க. 500 டைரக்டரியில பதிவு பண்ணிட்டா 30 நாள்ல கூகுள் முதல் பக்கம், கேரண்டி" என்றார். டைரக்டரி என்றால் கடைகள், வெப்சைட்டுகளின் முகவரிகளைத் தொகுத்து வைக்கும் தளம். 15,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கூகுளில் முதலிடம் தருவதாக யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேரண்டி என்ற சொல்லைக் கேட்டதுமே போனை வைத்திருப்பேன்.

பணம் கட்டியதும் ஒரு படிவம் அனுப்பினார்கள். கடைப் பெயர், முகவரி, போட்டோ எல்லாம் கேட்டது. அப்புறம் இரண்டு மூன்று நாள் இடைவிட்டு, "ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கண்ணா" என்று கூப்பிட்டார்கள். மூன்று தடவை சொன்னேன். எதற்கான ஓடிபி என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் எக்செல் ஷீட் வந்தது. 512 வரி. எல்லாவற்றுக்கும் எதிரே பச்சை நிறத்தில் 'அப்ரூவ்டு'. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன்.

தீபாவளி லீவுக்கு வந்த அக்கா மகள் ஷீட்டைத் திறந்து பார்த்தாள். முதல் பத்து வரியைத் தாண்டவில்லை. "மாமா, இதுல யாஹூ டைரக்டரி இருக்குதுங்க. அதை மூடி ஒம்பது வருஷம் ஆகப் போகுது" என்றாள். அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். யாஹூ 1994இல் இரண்டு மாணவர்கள் தொகுத்த இணைய முகவரிப் பட்டியலாகத் தொடங்கியது. மனிதர்கள் பார்த்துப் பிரித்து வைத்த பட்டியல் அது. பிற்காலத்தில் வியாபாரத் தளங்களைச் சேர்க்க வருஷத்துக்கு 299 டாலர் வாங்கினார்கள். 2014 டிசம்பரில் அதை மூடிவிட்டார்கள். மூன்றாவது வரியில் இருந்த டிமோஸும் இதே மாதிரி ஒரு டைரக்டரிதான், 1998இல் தொடங்கியது. தன்னார்வலர்கள் நடத்தியது, பதிவுக்குக் காசே கிடையாது. அதுவும் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. இந்த இரண்டிலும் 2023 ஆகஸ்டில் என் கடை 'அப்ரூவ்டு' ஆனதாக எனக்கு ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று ராத்திரி ஆரம்பித்து மூன்று நாள் உட்கார்ந்து 512 வரியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் திறக்கவே இல்லை. திறந்தவற்றில் பல, எந்த நாட்டில் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத பக்கங்கள். கடை உண்மையிலேயே இருந்தது 41 இடத்தில். அந்த 41இலும் ஒரே பத்தி, எழுத்துப் பிழை உட்பட அப்படியே. நான் மாவாட்டும் கிரைண்டர் பார்ப்பவன். என்னைப் போட்டிருந்த பிரிவோ இரும்பு தேய்க்கும் கிரைண்டிங் மெஷின். பின்கோடு 641 என்று தொடங்க வேண்டியது 614 என்று இருந்தது. 614 மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம்.

ஆனால் இதெல்லாம் பெரிதில்லை. போன் நம்பர்தான் விஷயம். 13 இடத்தில் என் நம்பர். மீதி 28 இடத்தில் நான் பார்த்தே இராத ஒரு நம்பர். கூகுள் மேப்பில் கடையைத் தட்டினாலும் அதே நம்பர்தான்.

அப்போதுதான் பீளமேட்டில் மெஸ் நடத்தும் அக்கா முந்தின மாதம் கடைக்கே வந்து கோபப்பட்டது நினைவுக்கு வந்தது. "மேப்ல இருக்கற நம்பருக்குக் கூப்பிட்டா வேற யாரோ எடுத்து ஆள் அனுப்பறோம்னாங்க. வந்த ஆளு கல்லைக் கொத்தறேன்னு கெடுத்து வச்சுட்டுப் போயிட்டாரு" என்றார். எங்கள் ஆள் யாரும் வரவில்லையே என்று அவரிடமே வாதாடியிருக்கிறேன். பத்து வருஷ வாடிக்கை அவர்.

கம்பெனிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். "அது கால் டிராக்கிங் நம்பருங்கண்ணா, எத்தனை கால் வருதுன்னு கணக்குப் பார்க்க" என்றார்கள். மாதம் 2,000 கட்டினால்தான் அந்த நம்பருக்கு வரும் அழைப்பு எனக்குத் திரும்பிவிடப்படுமாம். இதை யாரும் முன்னால் சொல்லவில்லை. கூகுளில் என் கடைப் பதிவுக்கு உரிமையாளராக இருந்ததும் அவர்களுடைய மெயில்தான். நான் சொன்ன ஓடிபிகளில் ஒன்று அதற்குப் போயிருக்கிறது. அதை என் பெயருக்கு மாற்றித் தர 6,000 கேட்டார்கள்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். கூகுளில் கடையைப் பதிவு செய்வது முழுக்க இலவசம். வேறு யாராவது உங்கள் கடையை எடுத்து வைத்திருந்தால், அந்தப் பதிவிலேயே உரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். கம்பெனியிடமிருந்து பதில் வரவில்லை. பிறகு கடையின் போர்டு, தெரு, ஷட்டரைத் திறப்பது, உள்ளே இருக்கும் கல்லும் கருவிகளும் என்று வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்பினேன். பதிவு கைக்கு வந்தது. ஒரு ரூபாய் செலவில்லை.

நான் சண்டை போட்ட பிறகு அதே கம்பெனியிலிருந்து வேறொருவர் கூப்பிட்டார். என் சைட்டுக்கு மோசமான லிங்குகள், அதாவது வேறு தளங்களிலிருந்து என் சைட்டுக்கு வரும் இணைப்புகள், சேர்ந்துவிட்டனவாம், கூகுள் தேடலில் கீழே தள்ளித் தண்டிக்குமாம், சுத்தம் செய்ய 8,000 ஆகுமாம். அந்த லிங்குகளைப் போட்டதே அவர்கள்தான். உடனே பயப்படாமல், சைட் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கடை சைட்டைச் சேர்த்துப் பார்த்தோம். அதுவும் இலவசம். கூகுள் ஆட்களே பார்த்துப் போட்ட தண்டனை எதுவும் இருந்தால் அதில் தனியாகக் காட்டும். எங்களுக்கு எதுவும் இல்லை.

ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான டைரக்டரிகளில் பதிந்து மேலே வந்தவர்கள் உண்டுதான். 2012 ஏப்ரலில் தன் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து கூகுள் அதை அடித்தது. 2016க்குப் பிறகு அப்படிப்பட்ட லிங்குகளைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடுகிறது. ஆக, இவர்கள் சொன்ன 500ஐயும் நேர்மையாகச் செய்திருந்தால்கூட எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. இப்படி ஒரு சரக்கை இன்றைக்கும் போன் போட்டு விற்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே யாரும் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். நான் பிறகுதான் பார்த்தேன், ரத்து செய்யப்பட்ட எண். என்னிடம் வாங்கிய 2,700 எந்த அரசாங்கத்துக்கும் போயிருக்காது.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை, நான் நுகர்வோரே இல்லை என்று கம்பெனி பதில் அனுப்பியது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அந்தத் தொழிலுக்கென்று வாங்கிய பொருளைச் சட்டம் அப்படி ஒதுக்கவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. ஆனால் அது பொருளைத்தான் சொல்கிறது, சேவையைச் சொல்லவில்லை. தெரிந்த வக்கீல் ஒருவர் நோட்டீஸ் தயார் செய்கிறார்.

இப்போது கடைப் பெயர், முகவரி, நம்பர், திறக்கும் நேரம், செய்யும் வேலை எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஒரு தாளில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எங்கே பதிந்தாலும் அதைப் பார்த்து, என் மெயிலில், நானேதான் பதிகிறேன். கூகுள், பிங், அப்புறம் நம்மூர்க்காரர்கள் உண்மையில் தேடுகிற ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் மாதிரி நாலைந்து இடம். சாதாரணப் பதிவுக்கு இவற்றில் காசு வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

பழைய 41இல் 23 இடத்தில் மெயில் போட்டுத் திருத்தியாகிவிட்டது. 18 இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டு என்னிடம் இல்லை, சில தளங்களில் பதில் சொல்ல ஆளே இல்லை. போன வாரம்கூட இரும்புப் பட்டறைக்கு கிரைண்டிங் மெஷின் வேண்டும் என்று ராஜ்கோட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். எந்தத் தளத்தில் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அங்கே மறுபடியும் மெயில் போட்டிருக்கிறேன்.