திரவ உரமா, வேர் மாத்திரையா: சிறிய மீன்தொட்டியில் செடிகள் வளராதபோது

சிறிய தொட்டியில் செடிகள் வளர்ச்சியின்றி நிற்கும்போது, எந்த உரம் என்று முடிவு செய்வதற்கு முன் எந்த இலை வாடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நைட்ரஜனும் பொட்டாசியமும் செடிக்குள் இடம்பெயரக்கூடியவை என்பதால் அவற்றின் குறை பழைய இலைகளில் மஞ்சளாகவோ துளைகளாகவோ தெரியும்; இரும்பு அவ்வாறு நகராததால், அதன் குறையில் புதிய இலைகளே நரம்பு மட்டும் பச்சையாக நிற்க வெளுத்துப்போகும்.

திரவ உரத்தை இலைகளும் நேரடியாக உறிஞ்சுவதால், கட்டையிலும் கல்லிலும் கட்டி வளர்க்கும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றுக்கு அதுவே பொருந்தும். மண்ணைத் தொடாத செடிக்காக வேர் மாத்திரையை, அதாவது வேரருகே மண்ணில் வைக்கும் திட உர வில்லையை, புதைப்பதில் பயனில்லை. ஆனால் நீர் குறைவான தொட்டியில் சில துளிகள் கூடினாலும் செறிவு சட்டென ஏறிவிடும் என்பதால், புட்டியில் குறித்த அளவில் பாதியுடன் தொடங்குவதையே நான் விரும்புகிறேன்.

வேர் மாத்திரை, சத்தற்ற சரளையில் நட்ட கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்ட் போன்றவற்றுக்கு மிகவும் ஏற்றது. அதை ஆழமாகப் புதைக்காவிட்டால் சத்து நீரில் கசிந்து பாசியை வளர்க்கும். புதிதாக நட்ட கிரிப்டோகோரைன் இலைகளை இழப்பது பெரும்பாலும் இடமாற்ற அதிர்ச்சியே அன்றிப் பட்டினியன்று. பதறி மாத்திரைகளைக் கூட்ட வேண்டாம், வேர் உயிரோடிருந்தால் சில வாரங்களில் தளிர் வரும்.

இருவகைச் செடிகளும் கலந்திருந்தால் இரண்டும் தேவைப்படலாம். எனினும் ஒன்றைத் தொடங்கி, பழைய இலை தேறுமென்று காத்திராமல், அடுத்து விரியும் புதிய இலைகளை வைத்தே மற்றதைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.