ஒரு தறுவாயைத் தேடி: மெரியம்–வெப்ஸ்டர் இணைய அகராதி

மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்த ஒரு கட்டுரையில், கடன் தவணை நெருங்குவதும், பங்காளி விலகுவதும், சந்தை சரிவதும் ஒரே மாதத்தில் ஒரு சிறு நிறுவனத்தின் மீது வந்து விழுந்த நிலையைச் சொல்ல, ஆசிரியர் ‘ஜங்க்சர்’ (juncture) என்ற ஆங்கிலச் சொல்லை ஆண்டிருந்தார். நான் தயங்காமல் ‘திருப்புமுனை’ என்று எழுதிவிட்டேன். மறுநாள் படித்தபோது அந்த வாக்கியம் நடக்காத ஒன்றைச் சொல்வதாகப் பட்டது. ஏனென்றால், அந்த நிறுவனம் அதுவரை எந்தப் பக்கமும் திரும்பியிருக்கவில்லை. அந்த ஐயத்தோடு மெரியம்–வெப்ஸ்டர் இணைய அகராதியைத் திறந்து, இந்த ஒரு சொல்லுக்கான பக்கத்திலேயே ஒரு மாலைப் பொழுது முழுவதையும் செலவிட்டேன்.

அமெரிக்க அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டர் 1843இல் மறைந்த பின் அவருடைய அகராதியின் உரிமையை மெரியம் சகோதரர்கள் வாங்கியதிலிருந்து தொடரும் பதிப்பகம் இது. இணையத்தில் பெரும்பகுதியைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். விரிவான பேரகராதிக்கு மட்டும் சந்தா உண்டு. நான் பயன்படுத்தியது கட்டணமில்லாப் பக்கத்தைத்தான்.

விளக்கம் மிகச் சுருக்கமானது: ஒரு காலப்புள்ளி, குறிப்பாகப் பல சூழ்நிலைகள் ஒருங்கே கூடியதால் முக்கியமாகிவிட்ட காலப்புள்ளி. என் பிழை அந்த ‘ஒருங்கே கூடியதால்’ என்பதில்தான் வெளிப்பட்டது. அடுத்த பொருளாக அகராதி ‘மூட்டு, இணைப்பு’ என்பதைத் தருகிறது. சொற்பிறப்புப் பகுதியோ ‘இணைத்தல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையைக் காட்டுகிறது. ரயில் பாதைகள் கூடும் ‘ஜங்ஷன்’ பிறந்ததும் அதே வினையிலிருந்துதான். ஆகவே இச்சொல்லின் அடியில் இருப்பது திரும்புதல் அன்று, ஒன்றுகூடுதல். மொழியியலாளர்கள் இதே சொல்லைப் பேச்சில் ஒலிகள் அடுத்தடுத்துச் சேரும் இடத்திற்கும் ஆள்கிறார்கள். ‘பலகை’ என்று சேர்த்துச் சொன்னால் ஒரு பொருள், ‘பல கை’ என்று இடைவெளி விட்டால் வேறு பொருள் என்று நம் இலக்கணம் காட்டுவது இந்த இடத்தைத்தான். புணர்ச்சி என்றும் சந்தி என்றும் பெயரிட்டு இதை நுணுகி ஆராய்ந்த ஒரு மொழியில், காலத்தின் சந்திக்கு மட்டும் சொல் தேடி நான் தடுமாறியது எனக்கு வியப்பாக இருந்தது.

இந்தப் பக்கத்தின் உண்மையான செல்வம் அதற்குக் கீழே, ஒருபொருட் சொற்களைப் பிரித்துக் காட்டும் சிறு பத்தியில் இருக்கிறது. மற்ற பல இலவச அகராதிகள் ஒத்த சொற்களை வரிசையாகக் கொட்டிவிட்டுப் போய்விடும்போது, இது ஒவ்வொன்றுக்கும் எல்லை வகுக்கிறது. ‘ஜங்க்சர்’ நிகழ்வுகள் வந்து கூடுவதை அழுத்துகிறது. ‘எமர்ஜென்சி’ எதிர்பாராமல் எழுந்து, பேரிடரைத் தவிர்க்க உடனடிச் செயலைக் கோருவது. ‘கன்டின்ஜென்சி’ வரக்கூடும் என்று முன்பே எண்ணப்பட்டாலும் வருமா என்பது உறுதியில்லாதது. ‘ஸ்ட்ரெயிட்ஸ்’ தப்புவதற்கு மிக அரிதான இக்கட்டு. ‘கிரைசிஸ்’ என்பதோ, தன் விளைவால் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் ‘ஜங்க்சர்’. இந்தக் கடைசி வரையறை ஒரு சொல்லை இன்னொன்றின் வகையாக வைத்து இரண்டையும் ஒருசேரத் தெளிவாக்குகிறது. இத்தனை சிறிய இடத்தில் இவ்வளவு தெளிவை நான் வேறெங்கும் பெற்றதில்லை.

அங்கிருந்து ‘கிரைசிஸ்’ பக்கத்துக்குச் செல்வது இயல்பாக நடக்கிறது, செல்லவும் வேண்டும். அச்சொல்லின் முதற்பொருளாக அகராதி தருவது, கடும் நோயிலோ காய்ச்சலிலோ நன்மைக்கோ தீமைக்கோ நிலை மாறும் கட்டம். பிரித்தறிதல், தீர்மானித்தல் என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து அது வந்தது. நாம் வழக்கமாக எழுதும் ‘நெருக்கடி’ துன்பத்தை மட்டுமே சொல்கிறது. ‘நன்மைக்கோ’ என்ற பாதி அதில் இல்லை. மருத்துவ வரலாற்றுக் கட்டுரைகளை மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவை இணையச் செய்திகளிலிருந்து தானியங்கியாகத் திரட்டப்பட்டவை என்று அகராதியே அறிவிக்கிறது. ஆகவே அவை தேர்ந்தெடுத்த சான்றுகளின் தரத்தில் இல்லை. ‘இந்த ஜங்க்சரில்’ என்ற தொடர் வெறுமனே ‘இப்போது’ என்ற பொருளில் தேய்ந்துபோய் வருவதை, நல்ல சொல்லாட்சியிலிருந்து பிரித்துச் சொல்லும் குறிப்பையும் நான் அந்தப் பக்கத்தில் காணவில்லை. நம் மேடைகளில் ‘இத்தருணத்தில்’ என்பது படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் தேவை புரியும். விளம்பரங்கள் வாசிப்பை இடையிடையே அறுக்கின்றன. ஆனால் ஒலிப்பைக் கேட்கும் வசதி தெளிவாக இருக்கிறது.

தமிழில் எழுதுபவர் இதை எப்படிப் பயன்படுத்துவது? அகராதி நமக்கு நிகர்ச்சொல்லைத் தராது; எதை இழக்கிறோம் என்பதைத்தான் காட்டும். ‘திருப்புமுனை’ பெரும்பாலும் கடந்தபின் திரும்பிப் பார்த்துச் சூட்டும் பெயர். ‘தருணம்’ மென்மையானது, உகந்த வேளை என்ற சாயல் கொண்டது. ‘தறுவாய்’ நெருங்கி வருகிறது, ஆனால் ‘முடியும் தறுவாயில்’, ‘சாகும் தறுவாயில்’ என்று விளிம்பைச் சொல்வதே அதன் பழக்கம். ஒன்றுகூடுதலை அது தானாகச் சொல்லாது. (இதைப் பலர் இடையின ரகரம் இட்டு ‘தருவாய்’ என்று எழுதுகிறார்கள், அது ‘நீ கொடுப்பாய்’ என்று பொருள்படும் வினைமுற்று.) சொற்களுக்கிடையே இப்படி எல்லை வகுக்கும் பத்தி ஒவ்வொரு தமிழ் அகராதிப் பதிவின் கீழும் இருக்க வேண்டும் என்று அன்று மிகவும் ஏங்கினேன்.

என் வாக்கியத்தைக் கடைசியில் இப்படித் திருத்தினேன்: “கடன், பிரிவு, சரிவு ஆகிய மூன்றும் ஒன்றுகூடிய அந்தத் தறுவாயில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டியிருந்தது.” மூலத்தில் ஒரு சொல்லுக்குள் இருந்த ஒன்றுகூடுதலை வெளியே எடுத்து, ‘ஒன்றுகூடிய’ என்ற பெயரெச்சத்தில் வைக்க வேண்டியதாயிற்று.